எடையும் ஈற்றும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



பன்றி என்னும் சொல்லைக் கொண்டே நம்மை இழித்துப் பேசியோர் உண்டு. அதே பன்றியைப் பற்றிப் பல்கலைக்கழகங்களில் ஆய்வுகள் நிகழ்கின்றன. சென்னையை அடுத்த காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் பெரிய வெள்ளை யார்க்சயர் பன்றிகளை வளர்க்கின்றனர். இதுவே நம் தொழில் என்று எவரும் நமக்கு விதிக்க வேண்டியதில்லை. ஆயினும், கடன் பெற்றுப் பண்ணை தொடங்க விழைவோர் அறிவோடு தொடங்குதல் வேண்டும்.

விரைவாக எடை கூடுதல், முதுகுக் கொழுப்புக் குறைந்திருத்தல் ஆகியன உற்பத்திப் பண்புகள். ஓர் ஈற்றில் பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கை, பால் சுரப்பு, மீண்டும் சினைக்கு வரும் காலம் ஆகியன இனப்பெருக்கப் பண்புகள். முதுகுக் கொழுப்பில் பன்றிக்குப் பன்றி காணும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி மரபால் வருவது. குட்டிகளின் எண்ணிக்கையிலோ மரபின் பங்கு பத்தில் ஒன்றே. எஞ்சியது பெரும்பாலும் தீவனம், பராமரிப்பு, நோய், பருவம் ஆகியவற்றைப் பொறுத்தது.

இவ்விரு வகைப் பண்புகளும் தனித்தனியே இயங்குவன அல்ல. ஒரே மரபணு பல பண்புகளைப் பாதிப்பதால், ஒன்றை இழுத்தால் மற்றொன்றும் அசைகின்றது. சீனத்து மெய்ஷான் பன்றி ஓர் ஈற்றில் 14, 15 குட்டிகள் ஈனும், ஆயின் அது மெதுவாக வளரும், கொழுப்பும் மிகுதி. கொழுப்பற்றவற்றையே தலைமுறைதோறும் தேர்ந்தால், பெண்பன்றிகள் பருவமடைதல் தாமதமாகலாம்; பால் கொடுக்கையில் உடலின் சேமிப்புக் கரைந்து, மறுசினைக்கு வரவும் காலம் கடக்கலாம். குட்டிகளை மட்டும் பெருக்கினாலும் இடர் உண்டு. டென்மார்க்கில் 1990களில் அவ்வாறு தேர்ந்தபோது குட்டிகள் பெருகின, இறப்பும் கூடியது. எனவே 2004இல், ஐந்தாம் நாளில் உயிரோடிருக்கும் குட்டிகளின் எண்ணிக்கையையே தேர்வுக்கு அளவாகக் கொண்டனர்.

இதற்கு வழி யாது? அமெரிக்க அறிஞர் லானாய் ஹேசல் 1943இல் ஒரு முறையை வகுத்தார். ஒவ்வொரு பண்புக்கும் அதன் வருவாயையும் மரபுத் தொடர்பையும் கருதி மதிப்பெண் அளித்து, கூட்டுத்தொகையால் தேர்வதே அம்முறை. ஒரு பாடத்தில் நூறு பெற்று, மற்றவற்றில் தவறிய மாணவனை நாம் தேர்ச்சி பெற்றவன் என்போமா?

ஆகவே, இளைஞர்களே, கொழுத்து நிற்பதே நல்லதென்று கண்ணால் கண்டு முடிவு செய்யாதீர். பால் கொடுத்து மெலிந்த நல்ல தாயை இறைச்சிக்கு விற்றுவிட்டுப் பின்னர் வருந்தாதீர். ஈன்ற நாள், பிறந்தவை, பிழைத்தவை, பால் மறந்த நாளின் எடை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுக. நன்கு ஈன்று நன்கு வளர்த்த தாயின் மகளையே அடுத்த தாயாகத் தேர்க. ஆண்பன்றியை அதன் மகளோடு இணைக்காதீர். நெருங்கிய உறவுச் சேர்க்கை குட்டிகளின் எண்ணிக்கையைக் குறைக்கும்.

எழுத்து மறுக்கப்பட்ட நம் முன்னோருள் இத்தொழில் செய்தோர், எல்லாக் கணக்கையும் நினைவிலேயே வைத்திருந்தனர். 25 ஆண்டுகளாக இச்சங்கம் நம் பிள்ளைகளுக்கு எழுத்தைத் தந்துள்ளது. அவ்வெழுத்து அந்தக் குறிப்பேட்டிலும் ஏறட்டும்.