தங்கம் தீர்ந்தது, மக்கள் தீர்ந்துபோகவில்லை: கோலார் தங்கவயல் சொல்லும் பாடம்
(உரையின் எழுத்து வடிவம்)



கே.ஜி.எஃப். என்றதும் உங்களில் பலருக்கு சினிமாதான் ஞாபகம் வரும். ஆனா அந்த மூன்றெழுத்துக்குப் பின்னாடி நம்ம மக்களோட நூறு வருஷ உழைப்பு இருக்கு. அதைப் பற்றித்தான் இன்னைக்குப் பேசணும்.

1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி கோலார் சுரங்கத்துக்குள் வந்தது. மூலதனம் லண்டனிலிருந்து வந்தது. உழைப்பு எங்கிருந்து வந்தது? வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து! பஞ்சமும் சாதிக் கொடுமையும் விரட்டிய தமிழ்க் குடும்பங்கள் அங்கே போனாங்க. பெரும்பாலானவங்க ஒடுக்கப்பட்ட மக்கள். பண்ணையாரிடம் கைகட்டி நின்றவர்களுக்கு அங்கே கையில் கூலி கிடைத்தது. சங்கம் வைத்தாங்க, படிச்சாங்க. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிகுப்பத்தில் வேர் பிடித்தது.

அந்தக் கூலி சும்மா வரவில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அனல் கக்கும் பாறை, திடீரென்று வெடித்துச் சரியும் சுவர், நுரையீரலை அரிக்கும் தூசு. அதற்குள் இறங்கி 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்துக் கொடுத்தாங்க.

1902-லேயே சிவனசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்துவிட்டது. பெங்களூருக்கு 1905-ல்தான் வந்தது. இன்னைக்கு நிலைமை என்ன? தங்கவயல் பிள்ளைகள் விடியறதுக்கு முன்னாடி ரயில் ஏறி, அதே பெங்களூருக்கு வேலை தேடிப் போறாங்க. ராத்திரிதான் வீடு திரும்புறாங்க.

ஏன் இந்த நிலை? 1956-ல் சுரங்கம் அரசுடைமை ஆனது. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. 2001 பிப்ரவரி 28-ல் மூடினாங்க. தாதுவில் தங்கம் குறைந்தது உண்மை. ஆழம் கூடக்கூடச் செலவு ஏறியதும் உண்மை. அந்தக் கணக்கை நாம மறுக்கவில்லை. நம்ம கேள்வி வேற. தங்கம் ஒருநாள் தீரும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நாளுக்குப் பிறகு மக்கள் எதை வைத்துப் பிழைப்பாங்க என்று ஏன் யாரும் திட்டமிடவில்லை? சுரங்கத்தைத் தவிர வேறு தொழிலே தெரியாத ஊரில் சுரங்கத்தை மூடினா, ஊரையே மூடுற மாதிரிதானே!

மிச்சம் என்ன? சயனைடு மண்மேடுகள். காற்றடித்தா வீட்டுக்குள் வரும் புழுதி. கம்பெனி கட்டிய லைன் வீடுகள்.

2003-ல் சுரங்க மூடல் திட்டம் விதிகளில் கட்டாயமானது. வரவேற்கிறோம். ஆனா குழியை மூடுவதும் மரம் நடுவதும் மட்டும் போதாது தோழர்களே. நாளைக்கு நெய்வேலியில் நிலக்கரி தீரும்போதும் இதே கேள்வி எழும்.

அதனால்தான் கேட்கிறோம்: சுரங்கம் ஓடும்போதே லாபத்தில் ஒரு பங்கை மாற்றுத் தொழிலுக்கு ஒதுக்கு! ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சேர்த்து மறுவாழ்வு கொடு! குடியிருக்கும் வீட்டுக்குப் பட்டா கொடு! நுரையீரல் நோய்க்கு வாழ்நாள் சிகிச்சை கொடு!

இது சலுகை இல்லை, உழைத்தவர்களின் உரிமை. உங்க ஊர்ல, உங்க நண்பர்கள்கிட்ட இதைப் பேசுங்க, பகிருங்க.



#கோலார்_தங்கவயல் #தொழிலாளர்_உரிமை