பிள்ளைச் சட்டைக்குச் சுருக்குத் தையல்

(தோட்டத் தாய்மாருக்கான தையல் வகுப்பில், சவளக்கடையிலிருந்து வந்த சகோதரிகள் நிகழ்த்திய உரை)



நாங்கள் கல்முனைக்குப் பக்கத்தில் உள்ள சவளக்கடையிலிருந்து வந்திருக்கின்றோம். எங்கட பக்கம் மலையும் இல்லை, கொழுந்தும் இல்லை, வயலும் கடலும்தான். அயலிலுள்ள மருதமுனை கைத்தறிக்குப் பேர்போன ஊர். ஆனபடியால் துணியின் அருமை எங்களுக்கும் தெரியும்.

நெஞ்சுப் பக்கம் சுருங்கி, பிள்ளை வளர வளர விரிந்து கொடுக்கும் சட்டையைப் பற்றித்தான் இன்று பேசப் போகின்றோம். அதற்குத் தனி மெசின் தேவையில்லை. உங்கள் வீட்டில் இருக்கும் பழைய கறுப்பு மெசினே போதும்.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லி விடுகின்றோம். ஒரு பெருநாளுக்கு முதல் நாள் இரவு, பிள்ளையின் உடம்பு அளவுக்கே துணியை வெட்டி இலாஸ்டிக் நூலால் தைத்தோம். காலையில் பார்த்தால் சட்டை தலைக்குள்ளால் இறங்கவே இல்லை! பிள்ளை பழைய சட்டையோடு அழுதுகொண்டு போனது. துணியும் வீண், காசும் வீண். தீபாவளிக்கென்று நீங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கும் துணிக்கு அப்படி நடக்கக் கூடாது.

இலாஸ்டிக் நூலின் நடுவே மெல்லிய இறப்பர் இழை இருக்கும். அதைப் பொபினில் மட்டுமே போட வேண்டும். மேலே சாதாரண நூல்தான். பொபினில் சுற்றும்போது மெசினால் சுற்றாமல், கையால், இழுக்காமல் சுற்றுங்கள். சில இடத்தில் இறுகியும் சில இடத்தில் தளர்ந்தும் சுற்றினால் சுருக்கும் அப்படியே கோணலாக வரும். தையலை ஆக நீளமாக வையுங்கள். வொயில், சீத்தை போன்ற மெல்லிய துணி நல்லது. தடித்த துணி சுருங்காது.

இனி முக்கியமான விசயம். சட்டைத் துணியை வெட்டுவதற்கு முன், அதே துணியில் 10 அங்குல நீளத் துண்டு ஒன்றை எடுங்கள். அரை அங்குலத்துக்கு ஒன்றாக 6 வரி தைத்துப் பாருங்கள். முதல் வரியில் சுருக்கம் அவ்வளவாகத் தெரியாது, பயப்பட வேண்டாம். வரி கூடக் கூடத்தான் சுருங்கும். இரண்டாம் வரியிலிருந்து துணியை இரு பக்கமும் பிடித்து விரித்தபடி தைக்க வேண்டும்.

தைத்த பின் அளந்து பாருங்கள். 10 அங்குலம் 6 ஆகியிருந்தால், 18 அங்குலச் சுருக்குக்கு 30 அங்குலத் துணி வேண்டும். பிள்ளையின் நெஞ்சளவு 20 என்றால், சுருக்கு 18 ஆக இருந்தால்தான் உடம்பில் நிற்கும். மூட்டுக்கு 1 அங்குலம் கூட்டி 31 வெட்டுங்கள். சட்டையிலும் அதே 6 வரியைத் தையுங்கள். வரி கூடினால் கணக்கும் மாறும். உங்கள் துண்டு எவ்வளவு சுருங்கியதோ, அதுதான் உங்கள் கணக்கு. எங்கள் கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம்.

மேல் விளிம்பை முதலில் மடித்துத் தையுங்கள். பிறகு துணியின் நல்ல பக்கம் மேலே இருக்க, சோக்கினால் கோடு போட்டு வரிகளைத் தையுங்கள். இந்த நூல் பொபினில் சீக்கிரம் தீர்ந்து விடும். ஒவ்வொரு வரிக்கும் முன் திறந்து பாருங்கள். வரி முடிவில் நூலை ஒட்ட வெட்டாமல், வால் விட்டு முடிச்சுப் போடுங்கள். கடைசியில் சாதாரண நூலைப் பொபினில் மாற்றி, அந்த முடிச்சுகளும் அகப்படும்படி பக்க மூட்டை இரண்டு தரம் தையுங்கள். இதைச் செய்யாவிட்டால் முதல் கழுவலிலேயே நூல் உள்ளே ஓடி, சுருக்கு அவிழ்ந்து விடும்.

சுருக்கின் மேல் சூடான ஸ்திரிக்கைப் பெட்டியை அழுத்த வேண்டாம். கடும் வெயிலில் நெடுநேரம் காயவும் விடாதீர்கள். இறப்பர் செத்துப் போகும்.

கீழே 3 அங்குல மடிப்பு விட்டால், பிள்ளை உயரும்போது அவிழ்த்து இறக்கலாம். நெஞ்சும் விரியும், நீளமும் கூடும். ஒரு தீபாவளிச் சட்டை அடுத்த தீபாவளிக்கும் உதவும் தானே?

ஒரு சிறு துண்டுத் துணியை மிச்சம் பிடிக்கப் போய் நாங்கள் முழுச் சட்டையையும் இழந்தோம். நீங்கள் அந்தத் துண்டைச் செலவழியுங்கள், சட்டையைக் காப்பாற்றுங்கள்.