காய்ச்சல் விட்ட பிறகு ஏன் மறுபடியும் இரத்தம் எடுக்கிறார்கள்?

(தண்ணீர்மலை வட்டார மூத்த குடிமக்களுக்கு ஆற்றிய உரை)



நான் டாக்டர் இல்லை. டாக்டர்கள் ஆங்கிலத்திலும் மலாயிலும் எழுதுவதைத் தமிழில் எழுதித் தருவது என் வேலை. அதனால் எந்த மருந்து சாப்பிடலாம் என்று என்னைக் கேட்காதீர்கள். இரத்தப் பரிசோதனைத் தாளில் வரும் ஒரு வரியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அதற்குப் பெயர் சி.ஆர்.பி.

சளிக்காய்ச்சல், கோவிட் என்று கிளினிக்குக்குப் போனால் மூக்கில் குச்சி விட்டுப் பார்க்கிறார்கள். என்ன கிருமி என்பதை அது சொல்லிவிடும். அந்தக் கிருமியோடு உங்கள் உடம்பு எவ்வளவு கடுமையாகச் சண்டை போடுகிறது என்பதை அது சொல்லாது. ஒரே வீட்டில் ஒரே கிருமி வந்து, பேரன் மூன்று நாளில் எழுந்து விளையாடுகிறான், தாத்தா ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு படுத்திருக்கிறார். இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் முன்கூட்டியே காட்டக்கூடிய ஒன்று இரத்தத்தில் இருக்கிறது.

தமிழில் இதற்கு 'அழற்சி' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறோம். பலர் இதை வீக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வீக்கம் அதில் ஒரு பங்குதான். அழல் என்றால் நெருப்பு. கொசு கடித்த இடம் சிவந்து, சுட்டு, தடித்து, வலிக்கிறதே, அதுதான் அழற்சி. மலாயில் 'ராடாங்' என்பார்கள். நுரையீரல் காய்ச்சலை 'ராடாங் பாரு-பாரு' என்று நீங்களே சொல்வீர்கள். கிருமியை எரிப்பதற்காக உடம்பு மூட்டும் நெருப்பு இது. அளவோடு இருந்தால் நல்லது. மிஞ்சினால் நுரையீரலையே பதம் பார்த்துவிடும்.

நெருப்பு எரிந்தால் புகை வரும். சி.ஆர்.பி. அந்தப் புகை மாதிரி. அது நம் கல்லீரலில் உண்டாகும் ஒரு புரதம். 1930ஆம் ஆண்டு நியூயார்க்கில் நிமோனியா நோயாளிகளை ஆராய்ந்தபோது இதைக் கண்டுபிடித்தார்கள். உடம்பில் அழற்சி தொடங்கிய சில மணி நேரத்திலேயே கூட ஆரம்பிக்கும், இரண்டு நாளுக்குள் உச்சிக்குப் போகும், அழற்சி அடங்கினால் விரைவாக இறங்கும். நலமாக இருப்பவருக்குப் பெரும்பாலும் ஒரு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழேதான் இருக்கும்.

இது நம் நாட்டிலேயே பார்த்துத் தெரிந்துகொண்ட விஷயம். 2020 ஜனவரி 25 அன்று மலேசியாவில் முதல் கோவிட் நோயாளிகள் உறுதிசெய்யப்பட்டார்கள். அந்த முதல் மாதங்களில், அறிகுறியே இல்லாதவர்களைக்கூட ஆஸ்பத்திரியில் சேர்த்தது நினைவிருக்கும். "நல்லாத்தானே இருக்கேன், என்னை ஏன் பிடிச்சு வைக்கிறாங்க" என்று அப்போது பலர் சலித்துக்கொண்டார்கள். ஆனால் அதனால் ஒரு நன்மையும் விளைந்தது. லேசான நோயிலிருந்து கடுமையான நோய் வரை எல்லாரையும் முதல் நாளிலிருந்தே கவனிக்க முடிந்தது. பிப்ரவரி முதல் மே வரை சேர்க்கப்பட்ட 5,889 பேரின் விவரங்களை நம் டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். யாருக்கு நோய் முற்றியது? 51 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், நாள்பட்ட சிறுநீரகக் கோளாறோ நுரையீரல் நோயோ உள்ளவர்கள், மூச்சு வாங்கியபடி வந்தவர்கள், எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிந்தவர்கள். இவர்களோடு சேர்க்கும்போதே சி.ஆர்.பி. 50 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தவர்களும் அந்தப் பட்டியலில் வந்தார்கள்.

இங்கே மொழிபெயர்ப்பாளராக ஒன்று சொல்ல வேண்டும். சில தாள்களில் இதே அளவு 5 என்று இருக்கும். லிட்டருக்கு 50 என்பதும் டெசிலிட்டருக்கு 5 என்பதும் ஒன்றுதான். எண்ணை மட்டும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "எனக்கு 5, உனக்கு 50" என்று பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள அளவையும் பாருங்கள்.

இப்போது தலைப்பில் உள்ள கேள்விக்கு வருகிறேன். கோவிட் பலருக்கு முதல் சில நாள் சாதாரணச் சளி போலவே போகும். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள்தான் சிலருக்குத் திடீரென்று முற்றும். முதல் நாள் எடுத்த இரத்தம் நன்றாக இருந்ததென்றால் அது அன்றைய நிலவரம் மட்டுமே. 12 ஆக இருந்தது இரண்டு நாளில் 70 ஆகிறதா, 60 ஆக இருந்தது 20க்கு இறங்குகிறதா என்பதைத்தான் டாக்டர் பார்க்கிறார். அதற்கு இரண்டாவது ஊசி வேண்டும். "நேத்துதானே எடுத்தீங்க, உடம்புல இரத்தமே இல்ல" என்று தாதியிடம் கோபிக்கும் பெரியவர்கள் உண்டு. ஒரு தடவை எடுப்பது ஒரு தேக்கரண்டி அளவுதான்.

அந்த எண் சிகிச்சையையும் மாற்றக்கூடியது. 2020 ஜூனில் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு, டெக்சாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு மருந்து, செயற்கை சுவாசத்தில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களின் மரணத்தை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்ததாகக் காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை. அதே ஆய்வில் டோசிலிசுமாப் என்ற இன்னொரு மருந்தைச் சோதித்தபோது, ஆக்சிஜன் குறைந்து, சி.ஆர்.பி. 75க்குக் குறையாமல் இருந்தவர்களைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நெருப்பு பெரிதாக எரியும் இடத்தில்தானே தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே தனியார் பரிசோதனைக் கூடத்தில் போய் நிற்க வேண்டாம். 2021 மே மாதம், இந்தியாவில் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, லேசான நோய் உள்ளவர்களும் காசு கொடுத்து வரிசையில் நின்று இந்தப் பரிசோதனைகளைச் செய்துகொண்டார்கள். இது வீண் பீதியைத்தான் உண்டாக்கும் என்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் அன்றைய இயக்குநர் ரந்தீப் குலேரியா வெளிப்படையாகவே எச்சரித்தார். அவர் சொன்னது சரி. புகையைப் பார்த்து அடுப்பா, வீடா, குப்பையா, எது எரிகிறது என்று சொல்ல முடியாது. பல்லில் சீழ், காலில் ஆறாத இனிப்புநீர்ப் புண், முடக்குவாதம், எதனாலும் சி.ஆர்.பி. ஏறும். உங்களுக்கு ஏற்கெனவே மூட்டு அழற்சி இருந்தால், வழக்கமாக எவ்வளவு இருக்கும் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

புகையை மறைப்பதும் உண்டு. இரவுச் சந்தையிலும் தெரிந்தவர் மூலமாகவும் வாங்கும், பதிவு எண் இல்லாத மூட்டுவலி மாத்திரைகள், ஜாமு பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பல முறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அதைச் சாப்பிடுபவருக்குக் காய்ச்சலும் தெரியாது, சி.ஆர்.பி.யும் குறைவாகக் காட்டலாம். ஆனால் நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். திட்டுவார்களோ என்று ஒளிக்காதீர்கள். கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

வீட்டில் இருக்கும்போது பார்க்க வேண்டியது மூச்சு. நம் மலைக்கோயிலின் 513 படி ஏறினால் யாருக்கும் மூச்சு வாங்கும், அது வேறு. கட்டிலிலிருந்து கழிவறைக்குப் போய்வரவே மூச்சு வாங்கினால் அது வேறு. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி இருந்தால் நகப்பூச்சை அழித்து, கையைச் சூடாக்கி, அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். வழக்கமாக நன்றாக இருந்தவருக்கு 95க்குக் கீழே காட்டினால் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள். வயதானவர்களுக்குக் காய்ச்சலே வராமலும் நோய் முற்றலாம். சாப்பாடு இறங்கவில்லை, பேச்சு குழறுகிறது, காரணமில்லாமல் விழுந்துவிட்டார் என்றால் அதுவும் அறிகுறிதான். மூச்சுத் திணறினால், உதடு நீலமானால், மயங்கினால் 999.

டாக்டர் இரத்தம் எடுத்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: "என் சி.ஆர்.பி. போன முறையைவிட ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா? மறுபடியும் எந்த நாளில் வர வேண்டும்?" மலாய் சரளமாக வராவிட்டால் தமிழ் தெரிந்த தாதி இருக்கிறாரா என்று விசாரியுங்கள், அல்லது பிள்ளைகளில் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். சொன்ன நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அன்றைக்குக் காய்ச்சல் இல்லை என்றாலும் போங்கள்.