எலுமிச்சம்புல்

நமது இலங்கைச் சமையலிற் கறிவேப்பிலைக்கும் இறம்பைக்கும் துணையாக நின்று மணமூட்டும் புல்லொன்று உண்டு. அதுவே எலுமிச்சம்புல். சிங்களத்தில் அதனைச் ‘சேர’ என்பர். அதனைப்பற்றிப் பேசுமுன், அதனால் நான் அடைந்த வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மலைநாட்டுப் பாடசாலையொன்றில் அதிபராயிருந்தபோது, பாடசாலைத் தோட்டத்தில் நடுவதற்கென வழியோரத்திலிருந்து சில தூறுகளைக் கொண்டுவரச் செய்தேன். இலையைக் கசக்கியபோது எலுமிச்சை மணம் எழுந்தது. அதுவே எனக்குப் போதுமாயிற்று. தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகளான மாணவியொருத்தி, இது மானாப்புல் போலிருக்கிறதே என்று தயங்கிக் கூறினாள். நான் செவிசாய்க்கவில்லை. சில மாதங்களின் பின் அத்தண்டுகளை மதிய உணவுக் கறியில் இடச் செய்தேன். கறி நுளம்பெண்ணெய்போல் மணத்தது. பசியோடிருந்த பிள்ளைகள் அன்று வெறுஞ்சோறு உண்டனர்.

மானா, எலுமிச்சம்புல்லுக்கு நெருங்கிய இனம். தேயிலையை மீண்டும் நடுமுன், களைத்த மண்ணைத் தேற்றுவதற்காக அதனை நடுவர். அம்மாணவியின் பெற்றோர் அன்றாடம் பழகிய புல் அது. மலைச்சரிவுகளில் மானா நன்கு பூக்கும். எலுமிச்சம்புல்லோ அரிதாகவே பூக்கும். எனவே விதையை நம்பாது, தூற்றைப் பிரித்தே நடுதல் வேண்டும். கறிக்குப் பயன்பட்டுவரும் வீட்டுத் தூறாக அது இருத்தல் நன்று. சந்தையில் வாங்கிய தண்டின் அடிப்பகுதி சிதையாதிருப்பின், அதனை நீரில் நிறுத்தினாலும் வேர்விடும்.

நல்ல வெயில்படும் இடத்தில் 2 அல்லது 3 அடி இடைவெளி விட்டு நடுக. நீர் வேண்டும், ஆனால் தேங்கினால் வேர் அழுகும். இலையின் ஓரம் கையை அறுக்குமாதலால், சிறுவர் ஓடியாடும் பாதையருகே நடவேண்டா. முற்றிய வெளித்தண்டுகளை அடியோடு ஒடித்தெடுத்தால், உள்ளிருந்து புதியவை தளிர்க்கும்.

சமையலுக்குத் தண்டின் வெண்மையான அடிப்பாகமே சிறந்தது. அதனை நசுக்கித் தேங்காய்ப்பாற் கறியிலும் மஞ்சட்சோற்றிலும் இட்டு, பரிமாறுமுன் எடுத்துவிடுக. இலைகளைக் கொதிநீரில் இட்டுப் பருகலாம். அதன் எலுமிச்சை மணத்துக்குக் காரணம் ‘சித்திரால்’ என்னும் பொருள். அப்புல்லின் எண்ணெயிற் பெரும்பகுதி அதுவே.

மறுநாட் காலைக் கூட்டத்தில், மாணவர் அனைவர் முன்னிலையிலும் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். பின்னர் உண்மையான எலுமிச்சம்புல் வந்தபோது, முதற் கன்றை அம்மாணவியே நட்டாள். ஆனால் நடுவதற்கு முன் இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தாள். நான் காத்து நின்றேன்.