ஒரு மேசை, இரு திரைகள்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்து இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் என்னைக் கணினி பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். பொறியியல் கற்ற இளைஞர் பலர் நம் காலனியில் இருக்க நான் எதற்கு என்று தயங்கினேன். ஆயினும் பொருள் குடும்பச் செலவையும் தொட்டதாதலின் துணிந்து வந்தேன்.

கணினியின் எல்லா வேலைகளையும் மேற்பார்க்கும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்பர். நம்மில் பலர் பயன்படுத்தும் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு அளித்துவந்த ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாள் நிறுத்திக்கொண்டது. பதிவு செய்துகொண்டவர்க்குச் சில காலம் தவணை தரப்பட்டதெனினும், தவணை தவணைதான். விண்டோஸ் 11க்கு மாறலாமெனில், அது டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும் புதிய தலைமுறைச் செயலியையும் கேட்கிறது. பழைய கணினிகள் பல இத்தேர்வில் தேறா. "பழையதை எறிந்துவிட்டுப் புதியது வாங்குங்கள்" என்கிறார் கடைக்காரர். நன்றாய் உழைக்கும் பெட்டியை ஏன் எறிதல் வேண்டும்?

லினக்ஸ் என்னும் மற்றோர் இயங்குதளம் உண்டு. ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய முயற்சியினின்று வளர்ந்தது அது. விலையின்றிக் கிடைப்பது. 4 ஜிபி நினைவகமுள்ள பழைய கணினியிலும் லினக்ஸ் மின்ட் போன்ற பதிப்பு ஓடும். ஆனால் ஒரே நாளில் விண்டோசைத் துறந்துவிடுங்கள் என்று நான் கூறேன். சில கணக்கு மென்பொருள்களும் பிள்ளைகளின் சில விளையாட்டுகளும் விண்டோசையே நாடும். ஆகவே இரண்டும் அருகருகே இருக்கட்டும் என்பதே என் கருத்து. அதற்கு மூன்று வழிகள் உள.

முதலாவது, ஒரே கணினியில் இரண்டையும் நிறுவி, தொடங்கும்போது ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. ஒரு நேரத்தில் ஒன்றே ஓடும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கணினியின் உட்கடிகாரம் காட்டுவதை விண்டோஸ் உள்ளூர் நேரமாகக் கொள்ளும். லினக்ஸோ உலகப் பொது நேரமாகக் கொள்ளும். எனவே மாறிச் செல்லும்போது ஐந்தரை மணி நேரம் பிசகிக் காட்டும். இந்தியப் பொது நேரம் 1906இல் நடைமுறைக்கு வருமுன், இரயில்கள் சென்னை நேரப்படி ஓட, பம்பாயும் கல்கத்தாவும் தத்தம் நேரத்தைக் கொண்டிருந்த கதைதான். லினக்ஸில் ஓர் அமைப்பை மாற்றினால் இது தீரும். புதிய கணினி வாங்க இயலாதார் இவ்வழியைக் கொண்டு, வங்கி, மின்னஞ்சல் முதலியவற்றை லினக்ஸிலும், இணையம் வேண்டாத பணிகளை விண்டோசிலும் செய்துகொள்ளலாம்.

இரண்டாவது, வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளின் துணையால், விண்டோசுக்குள்ளேயே லினக்சை விருந்தினராக ஏற்பது. இன்னொரு மானிட்டரை இணைத்து, விருந்தினரை அதில் முழுத்திரையாக விரித்தால், இரண்டும் ஒரே வேளையில் கண்முன் நிற்கும். ஆனால் உள்ள நினைவகத்தை இருவர்க்கும் பங்கிட வேண்டும். 16 ஜிபி இருந்தால் தாராளம்; 8 இருந்தால் சிக்கனம்; 4 மட்டும் உள்ளவர் இவ்வழியை நாட வேண்டா.

மூன்றாவது, புதிய கணினி வாங்கிவிட்டவர்க்கு உரியது. பழைய பெட்டியில் லினக்சை நிறுவி, இரண்டையும் தத்தம் மானிட்டரோடு ஒரே மேசையில் வையுங்கள். விசைப்பலகையும் மௌஸும் ஒவ்வொன்று போதும். கே.வி.எம். சுவிட்ச் எனும் சிறு பெட்டியின் பொத்தானை அழுத்தினால் அவை ஒரு கணினியினின்று மற்றதற்கு மாறும். ஒன்று பழுதுற்றாலும் மற்றது உழைக்கும்.

எவ்வழியாயினும், தொடங்குமுன் குடும்பப் புகைப்படங்களையும் சான்றிதழ்களையும் வேறொரு வட்டில் படியெடுத்து வையுங்கள். நிறுவும்போது தவறான இடத்தில் அழுத்தினால் யாவும் அழிந்துபோம்.

அன்பர்களே, இரயில்வே குடும்பத்தார்க்கு இருபாதை வாழ்வு புதிதன்று. அகலப்பாதை 1676 மில்லிமீட்டர்; மீட்டர் பாதை 1000. வடக்கிலிருந்து வந்து சென்ட்ரலில் இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு எழும்பூர் சென்று, மீட்டர் பாதை வண்டியேறி ஊர் சேர்ந்த காலத்தை மூத்தோர் மறந்திரார். வண்டிகள் இரண்டும் நன்றாகவே ஓடின. சுமை மாற்றுவதே தொல்லை. இங்கே சுமை என்பது நம் கோப்புகள். பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட தமிழ், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். ஒருங்குறியில் தட்டச்சிட்டதோ இரு திரைகளிலும் தமிழாகவே தோன்றும். 1999இல் ஏற்கப்பெற்ற தமிழ்99 விசைப்பலகை முறையும் இரண்டிலும் கிடைக்கிறது. நம் மலருக்குக் கட்டுரை தருவோர் இதனை மனங்கொள்ள வேண்டுகிறேன்.

வீட்டில் தமிழும் வீதியில் இந்தியும் பேசும் நம் பிள்ளைகள், ஒன்றைக் கற்பதற்காக மற்றதை இழந்தாரில்லை. இரண்டாவது இயங்குதளத்தையும் அவர்கள் அவ்வாறே கற்பர். சங்க நூலகத்தில் இத்தகைய மேசையொன்றை அமைத்தால் எல்லோரும் பழகலாம். எறிய எண்ணியிருந்த பெட்டியொன்றை எவரேனும் மனமுவந்து அளித்தால் போதும்.