கணக்குப் பார்ப்பது சந்தேகம் அல்ல
(மும்பை தாராவியில் இரவு வகுப்பு ஒன்றில் தொண்டர் ஒருவர் பேசிய பேச்சு)



இன்று கணக்கைப் பற்றிப் பேசப் போகிறேன். பயப்பட வேண்டாம். வாய்ப்பாடு சொல்லச் சொல்ல மாட்டேன். என் தங்கை வேலை பழகிய கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தவள். என் தங்கை கல்லூரியில் வணிகவியல் படிக்கிறாள். போன கோடை விடுமுறையில் அவளுக்கு ஒரு பெரிய தணிக்கை அலுவலகத்தில் இரண்டு மாதப் பயிற்சி கிடைத்தது. தினமும் காலையில் மாஹிமில் லோக்கல் ரயில் ஏறிச் சர்ச்கேட் போவாள். இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்புவாள்.

தணிக்கை என்றால் என்ன? ஒருவர் எழுதிய கணக்கை இன்னொருவர் சரிபார்ப்பதுதான் தணிக்கை. நம் நாட்டில் ஒவ்வொரு கம்பெனியும் ஆண்டுதோறும் தன் கணக்கைத் தணிக்கை செய்ய வேண்டும். இது சட்டம். இதைச் செய்பவர்களைப் பட்டயக் கணக்காயர் என்கிறோம். பேச்சு வழக்கில் ஆடிட்டர் என்போம். இவர்களுக்கான சட்டம் 1949-ல் வந்தது. தேர்வுகள் எழுத வேண்டும். ஓர் ஆடிட்டரிடம் இருந்து வேலை பழகவும் வேண்டும்.

இது ஆண்கள் வேலை என்று நினைக்காதீர்கள். சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம் என்ற பெண் 1933-லேயே கணக்காயர் தேர்வில் வெற்றி பெற்றார். இந்தியாவின் முதல் பெண் கணக்காயர் அவர்தான். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவரும்கூட.

சரி, என் தங்கை அங்கே என்ன செய்தாள்?

முதல் இரண்டு வாரமும் ரசீது பார்க்கும் வேலை. கம்பெனிக் கணக்கில் "லாரி வாடகை 8,000 ரூபாய்" என்று எழுதியிருக்கும். அதற்கு ரசீது இருக்கிறதா? தேதி சரியா? தொகை சரியா? பணம் கொடுக்கச் சொல்லி யார் கையெழுத்துப் போட்டார்? ஒவ்வொன்றையும் பார்த்துச் சரி என்று குறி போட வேண்டும்.

எந்தக் கம்பெனியின் கணக்கு என்று அவள் வீட்டில்கூடச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பார்த்த கணக்கை வெளியே பேசக்கூடாது என்பது அந்த வேலையின் கட்டுப்பாடு.

மூன்றாம் வாரம் அவளை பிவண்டிக்கு அனுப்பினார்கள். அங்கே பெரிய பெரிய கிடங்குகள் உண்டு. கிடங்கில் இருக்கும் சரக்கை நேரில் எண்ண வேண்டும். புத்தகத்தில் சோப்புப் பெட்டி 400 என்று எழுதியிருந்தது. தங்கை எண்ணினாள். 388 தான் இருந்தது. மறுபடியும் எண்ணினாள். அப்போதும் 388.

கிடங்குப் பொறுப்பாளர் வயதானவர். "மகளே, இருபது வருடமாக நான் இங்கே இருக்கிறேன். புத்தகத்தில் உள்ளதையே எழுதிக்கொள்" என்று இந்தியில் சொன்னார். தங்கைக்குத் தயக்கம். அவருடைய வயதுக்கு மரியாதை தர வேண்டும். ஆனால் கண்ணால் கண்டது 388. அதையே எழுதினாள்.

அங்கே சுமை தூக்கும் மாத்தாடித் தொழிலாளர்கள் நின்றிருந்தார்கள். எல்லோர் பார்வையும் அவர்கள் பக்கம் திரும்பியது. ஏழைமேல்தானே முதலில் சந்தேகம் வரும்?

இரண்டு நாள் விசாரித்தார்கள். விவரம் தெரிந்தது. 12 பெட்டிகள் அவசரமாக ஒரு கடைக்குப் போயிருந்தன. சீட்டு எழுத மறந்துவிட்டார்கள். கடைக்காரர் பெட்டிகளைப் பெற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தார். திருட்டு எதுவும் இல்லை.

தோழர்களே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தங்கை அன்று 400 என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆறு மாதம் கழித்துக் குறைவு தெரிய வந்திருக்கும். அப்போது யாருக்கும் எதுவும் நினைவிருக்காது. பழி யார் தலையில் விழுந்திருக்கும்? உண்மையான கணக்குதான் அந்தத் தொழிலாளியைக் காப்பாற்றியது.

இனி நம் தெருவுக்கு வருவோம்.

என் அம்மா ஒரு சேமிப்புக் குழுவில் இருக்கிறார். இங்கே இதை பச்சத் கட் என்பார்கள். குழுவில் 15 பேர். வாரம் ஆளுக்கு 50 ரூபாய். ஆக, வாரம் 750 ரூபாய் சேரும். அதிலிருந்து உறுப்பினர்களுக்குக் கடன் கொடுப்பார்கள்.

அம்மா வாங்கிய கடனில் 4,000 ரூபாய் பாக்கி என்று அவருடைய அட்டை சொன்னது. குழுப் புத்தகம் 4,500 என்று சொன்னது. கடைசியாகக் கட்டிய 500 ரூபாயைக் காணோம்! அட்டையில் தேதியையும் தொகையையும் அம்மாவே எழுதியிருந்தார். எழுதப் படிக்கக் கற்றதன் பலன் அது. பக்கத்தில் கணக்கு எழுதும் சித்தியின் கையெழுத்தும் இருந்தது.

சித்தி திகைத்துப் போனார். "பணம் வாங்கியது உண்மைதான். ஆனால் எங்கே போச்சு?" என்றார். சிலர் முணுமுணுத்தார்கள். குழுவே உடைந்துவிடும்போல் இருந்தது.

தங்கை புத்தகத்தைக் கேட்டாள். சித்திக்குக் கோபம் வந்தது. "என்னைச் சோதிக்க வந்துட்டியா?" என்றார்.

"இல்லை சித்தி. உங்கமேல பழி வரக்கூடாதுன்னுதான் கேட்கிறேன்" என்றாள் தங்கை.

எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். முதலில் மொத்தத்தைப் பார்த்தோம். கையிருப்பும் வங்கி இருப்பும் சரியாக இருந்தன. அப்படியானால் பணம் வெளியே போகவில்லை. பிறகு 15 பேருடைய அட்டைகளையும் புத்தகத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். அம்மாவின் பெயரிலேயே இன்னொருவரும் குழுவில் இருக்கிறார். அவர் அட்டையில் பாக்கி 3,000. புத்தகத்தில் 2,500! அம்மாவின் 500 ரூபாய் அவர் பக்கத்தில் ஏறியிருந்தது.

அந்த அம்மா உடனே, "எனக்கு எதுக்கு ஊரான் காசு? திருத்தி எழுதுங்க" என்றார். சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்போது ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஓர் எண் போட்டிருக்கிறோம்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. மொத்தம் சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று நினைக்கக்கூடாது. ஒவ்வொருவர் கணக்கையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

படித்தவர்கள் எழுதும் கணக்கு என்றால் அப்படியே நம்பிவிடலாமா? அதுவும் கூடாது. ஹைதராபாத்தில் சத்யம் என்ற பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி இருந்தது. 2009 ஜனவரியில் அதன் தலைவரே ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டிய பணத்தில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் உண்மையில் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். தணிக்கை நடந்த கம்பெனிதான் அது. பங்கு வாங்கிய எத்தனையோ பேர் பணத்தை இழந்தார்கள். காகிதத்தில் இருப்பது வேறு, வங்கியில் இருப்பது வேறு. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட வேண்டும்.

என் தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து இங்கே தோல் ஷெட் வேலைக்கு வந்தவர். கடைக்காரர் எழுதிய கடனுக்கெல்லாம் விரல் ரேகை வைத்தார். எவ்வளவு எழுதினார்கள் என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. நமக்கு அந்த நிலை இல்லை. நாம் எழுத்தும் எண்ணும் கற்றுவிட்டோம்.

ஆகவே இந்த ஐந்து பழக்கங்களைக் கைக்கொள்வோம்.

ஒன்று: பணம் கொடுத்தாலும் வாங்கினாலும் அன்றே எழுதுவோம். தேதி போடுவோம்.

இரண்டு: ரசீது வாங்குவோம். பத்திரமாக வைப்போம்.

மூன்று: மாதம் ஒருமுறை வங்கிப் புத்தகத்தில் வரவு செலவைப் பதிந்து வாங்குவோம். குழுப் புத்தகத்தோடு ஒப்பிடுவோம்.

நான்கு: படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டோம். வெற்றுத் தாளில் ஒருபோதும் போட மாட்டோம்.

ஐந்து: எழுதுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர் என்று வைத்துக்கொள்வோம். சரிபார்ப்பவரை முறை வைத்து மாற்றுவோம்.

கணக்குக் கேட்டால் உறவு கெடும் என்று நினைக்கிறோம். கேட்காமல் விட்டால்தான் கெடும். நல்லவர்மேல் பழி விழாமல் காப்பது கணக்குதான்.

அடுத்த வாரம் வரும்போது உங்கள் சேமிப்பு அட்டையைக் கொண்டு வாருங்கள். எல்லோரும் சேர்ந்து படித்துப் பார்ப்போம்.