படத்தில் கண்ட வீடு



பிழைப்பை நாடி வடபுலம் வந்த நம்மில் பலர், ஓய்வுக்காலத்துக்கென ஊர்ப்பக்கம் வீடு தேடுகின்றோம். விடுமுறையோ குறைவு. ஆதலின் கைப்பேசியில் வரும் படங்களை நம்பியே சேமநிதியிலிருந்து முன்பணம் அனுப்பத் துணிகின்றோம். அப்படங்களுள் பல இன்று செயற்கை நுண்ணறிவின் ஒப்பனை பெற்றவை.

மங்கலான படத்துக்கு ஒளி கூட்டுவதில் குற்றமில்லை. பெண் பார்க்க வருவோருக்காக வீட்டைக் கூட்டிப் பெருக்குவதில்லையா? ஆனால் சுவரில் ஏறிய ஓதத்தையும், சன்னலை ஒட்டிய மின்கம்பியையும் அழித்துவிட்டால்? அழித்த இடத்தை அக்கருவி அக்கம்பக்கத்து நிறங்களைக் கொண்டு ஊகித்து நிரப்பிவிடும். வெற்றறையில் அது இட்டுக் காட்டும் கட்டில் சிறுத்திருப்பின், அறை விசாலமாய்த் தோன்றும். நம் ஆறேகால் அடிக் கட்டில் அங்கே கொள்ளுமா என்பதை அளவு நாடாதான் சொல்லும்.

கலிபோர்னியாவில் 2026 சனவரி முதல், படத்தைத் திருத்தினால் தரகர் அதனை அறிவித்து மூலப் படத்தையும் காட்டவேண்டும் என்பது சட்டம். நம் நாட்டில் ‘ரேரா’ எனப்படும் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி நட்டமடைந்தவருக்குக் கட்டுமானக்காரர் ஈடு தரவேண்டும் என்கின்றது. தம் பழைய வீட்டை விற்கும் தனியாரை அது கட்டுப்படுத்தாது. நாம் பெரும்பாலும் வாங்குவதோ அத்தகைய வீடுகளையே!

ஆகவே மூலப் படங்களைக் கேளுங்கள். மழை பெய்த மறுநாள் உறவினர் ஒருவரை அனுப்பிச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் தெருமுனையிலிருந்தே காணொளியில் அழைத்தபடி நடந்து வரட்டும்.